கடைசி அலசலின் சூடு

மூன்றாம் மாடி சிஸ்டர் கையில் ஒரு கண்ணாடி டம்ளரோடு அடித்தளத்து கிச்சனுக்கே இறங்கி வந்தபோது, பயில்வானுக்கு முதலில் தோன்றியது ஓடிவிடலாம் என்பதுதான். ஓட இடமில்லை. முன்னால் பாத்திரம் கழுவும் மெஷின், பின்னால் எச்சில் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டி, நடுவில் சொதசொதவென்று ஈரத்தரை.

"பயில்வான் அண்ணா, இதைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்த்தார். டம்ளரின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பால் காய்ந்த வளையம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. காலையில் அவர் கழுவி அனுப்பிய டம்ளர்.

"எங்க வார்டுல படுத்திருக்கிறவங்க உடம்புல சளி பிடிச்சாக்கூடத் தாங்காது. உங்களுக்குத் தெரியாததா? நேத்துலேர்ந்து ரெண்டு பேருக்கு வாந்தி. நான் யார் மேலயும் குறை சொல்லலை. கொஞ்சம் பாருங்க."

"பாக்கறேன் சிஸ்டர்" என்றார்.

தெரியாமல் என்ன? அந்த வார்டின் ஏழாம் அறையில் படுத்திருந்தது அவருடைய சொந்த மச்சான்.

பயில்வான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நனைந்த ஏப்ரனோடு சேர்த்து நிறுத்தாலும் ஐம்பது கிலோவைத் தாண்டாத ஆள் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீராவி அடுப்பு 'புஸ்' என்று சீறியதும் அண்டாக்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "வந்துட்டாருய்யா நம்ம பயில்வான்!" என்று பெரிய குக் கரண்டியைத் தட்டிச் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இருபத்து மூன்று வருஷமாக தீராக்கடனைப் போல அவரை விடவில்லை.

பயம் அவர் கூடவே பிறந்தது. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலதிகாரி என்று யார் எதிரில் வந்து நின்றாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவருக்குப் பெண் கொடுக்கச் சொந்தக்காரர்கள் யோசித்தபோது, பெண்ணின் அண்ணன் ஒருவர்தான் குரலை உயர்த்தினார். ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், எதையும் உரக்கத்தான் பேசுவார். "இந்த ஆள் என் தங்கச்சியை ஒருநாளும் கை நீட்டி அடிக்க மாட்டான். எனக்கு அது போதும்." கல்யாணத்தை முடித்துவைத்தவரும் அவர்தான், தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கழுவுமிடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த மச்சானுக்குத்தான் இப்போது ரத்தத்தில் நோய். மருந்து ஏற்றி ஏற்றி உடம்பில் எதிர்ப்புச் சக்தி துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. ஏழாம் அறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் யாரும் பார்க்க முடியும்.

மெஷின் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் கையால்தான் கழுவினார். இந்த மெஷின் ஆள் உயர இரும்புப் பெட்டி. ரேக்கில் தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ளி மூடியை இழுத்துவிட்டால், மேலேயும் கீழேயும் துளை போட்ட குழாய்கள் சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும். கிச்சனில் அந்தக் குழாயைக் காத்தாடி என்பார்கள். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு சுத்தமான கொதிநீரில் கடைசி அலசல். கம்பெனி இன்ஜினியர் வந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று மட்டும் அவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியிருந்தது. "கடைசி அலசல் எண்பத்திரண்டு டிகிரிக்குக் குறையவே கூடாது. சோப்பு அழுக்கைத்தான் எடுக்கும். கிருமியைக் கொல்றது அந்தச் சூடு."

சிஸ்டர் படியேறிப் போனதும் அவர் பார்வை மெஷினின் அடிப்பக்கம் போனது. பயத்துக்குக் காரணம் டம்ளர் மட்டுமில்லை. ஒன்பது நாளைக்கு முன் மெஷினின் அடியில் இருக்கும் சல்லடையைக் கழுவும்போது கை நழுவிக் கீழே விழுந்து, அதன் பிளாஸ்டிக் சட்டம் விரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன வருஷம் மிக்ஸி மூடியை உடைத்த சமையல்கட்டு அக்காவை சூப்பர்வைசர் மேடம் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பிடித்த பிடி கண்ணுக்குள்ளேயே நின்றது. ரொட்டிப் பாக்கெட்டின் கம்பியால் சட்டத்தை இறுக்கிக் கட்டி, யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அது தெரிந்துவிடுமோ தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது.

முதலில் உப்புப் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். தண்ணீரின் கடினத்தை எடுக்கும் உப்பு குறைந்தால் கண்ணாடியில் வெள்ளை படியும். உப்பு முழங்கை வரை இருந்தது. சோப்புக் கேனில் குழாய் அடிவரை மூழ்கியிருந்தது. அதுவும் சரி. இனி தள்ளிப்போட வழியில்லை. மெயினை அணைத்துவிட்டு மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்து, கீழ்க் காத்தாடியைத் திருகிக் கழற்றினார்.

துளைகளில் பாதி அடைந்து கிடந்தன. ஏப்ரனில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தினார். எலுமிச்சை விதை வந்தது. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் வந்தது. பல் குத்தும் குச்சியின் முனை, தயிர்க் கப்பின் லேபிள், நசுங்கிய பட்டாணித் தோல். எல்லாம் விரிந்த சல்லடை வழியே நழுவி உள்ளே போனவை. ஒவ்வொன்றும் வெளியே வர வர, 'நீதான், நீதான்' என்று யாரோ காதில் சொல்வது போலிருந்தது. முப்பத்திரண்டு துளைகளையும் சுத்தம் செய்து, சல்லடையை இன்னும் நாலு சுற்றுக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டி, ஒரு ரேக் டம்ளரை ஓடவிட்டார். பளிச்சென்று வந்தன. வளையமும் இல்லை, கறையும் இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை.

அடுத்த ரேக் தட்டுகளை அவசரத்தில் வெறுங்கையால் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் உறைத்தது: கை சுடவில்லை. மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், அறுபது எண்ணுகிற வரை தட்டைத் தொட முடியக் கூடாது, அந்தச் சூட்டிலேயே ஈரம் தானாக உலர வேண்டும். நாலு வருஷமாக அப்படித்தான். இந்தத் தட்டுகள் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரில் முக்கி எடுத்தது போல் நீர் சொட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் கிடந்த துணியைப் பார்த்தார். கொஞ்ச நாளாகத் தட்டுகளைத் துணியால் துடைத்து அடுக்குவது பழக்கமாகியிருந்தது. மழைக்காலம், அதனால் உலரவில்லை என்று நினைத்திருந்தார். எத்தனை நாளாக? எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

நிமிர்ந்து டிஸ்பிளேயைப் பார்த்தார். 82 என்று பச்சையாக எரிந்தது.

மெயின்டனன்ஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் வாயில் பாக்கோடு வந்து, டிஸ்பிளேயை ஒரு பார்வை, பயில்வானை ஒரு பார்வை பார்த்தார்.

"எண்பத்திரண்டு காட்டுதே. அப்புறம் என்ன?"

"தட்டு சுடலை சார்."

"மெஷின் பொய் சொல்லுதுங்கிறியா? இருபது வருஷமா சுடுதண்ணியில ஊறுன கை, மரத்துப் போயிருக்கும். போய் டாக்டர்கிட்ட காட்டு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பயில்வான் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். உண்மையிலேயே மரத்துப் போயிருக்குமோ? டீ கெட்டிலின் மேல் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு மனைவியின் போன் வந்தது. அவள் மூன்றாம் மாடி வராண்டாவில் அண்ணனுக்காக உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, அண்ணனுக்குக் காலையிலேர்ந்து வாந்தி. காய்ச்சலும் இருக்குதாம். வார்டுல அஞ்சு பேருக்கு இதே மாதிரியாம். கொஞ்சம் மேல வாங்களேன்."

லிஃப்ட் திறந்தே நின்றது. அவர் படியில் ஏறினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மச்சான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சைரனைவிடச் சத்தமாகச் சிரிக்கும் மனிதர், சுவரில் மாட்டியிருந்த போனை எடுக்கவே இரண்டு முறை முயன்றார்.

"மாப்ள, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மச்சான்." சாப்பிடவில்லை.

"உன் தங்கச்சி பயந்து சாகுறா. அவகிட்ட சொல்லு. வெளிச் சாப்பாடு எதுவும் நான் தொடறதில்லை. என் தட்டைக் கழுவுறது நீதானே? அப்புறம் எனக்கு என்ன பயம்?"

மனைவியை 'உன் தங்கச்சி' என்று மாற்றிச் சொன்னதைக்கூட மச்சான் உணரவில்லை. அந்த அளவுக்குக் காய்ச்சல். பயில்வான் ரிசீவரை மாட்டிவிட்டுப் படியைப் பார்த்து நடந்தார்.

திரும்பக் கீழே வந்ததும் நேராகப் பெரிய குக்கிடம் போனார். "அண்ணே, கறி வெந்துச்சான்னு குத்திப் பாப்பீங்களே, அந்த தெர்மாமீட்டரைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்குய்யா?"

"குடுங்கண்ணே."

அவர் கேட்ட தொனியில் பெரிய குக் ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தானும் பின்னால் வந்தார். பயில்வான் ஒரு கிண்ணத்தை ரேக்கில் நிமிர்த்தி வைத்து மெஷினை ஓட்டினார். கடைசி அலசலின் சத்தம் நின்ற அதே நொடியில் மூடியைத் தூக்கி, கிண்ணத்தில் தேங்கிய நீரில் முனையை வைத்தார். முள் ஏறியது, ஏறியது, நின்றது. ஐம்பத்தேழு.

"கிண்ணத்துல விழுந்து ஆறியிருக்கும்யா" என்றார் பெரிய குக்.

"ரெண்டு நொடியில இருபத்தஞ்சு டிகிரி ஆறுமாண்ணே?"

மறுபடி ஓட்டினார். ஐம்பத்தெட்டு. மூன்றாம் தடவையும் ஐம்பத்தேழு. பெரிய குக் மெஷினை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார், அது கடிக்கும் என்பது போல. "இதுல எனக்கு ஒரு காபிகூடப் போட முடியாதே. இதுலயா நோயாளிங்க தட்டு…" என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். ஐந்தரைக்கு மூன்றாம் மாடி டிரேக்கள் மேலே போக வேண்டும். மேடம் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். மதியத் தட்டுகள் மூன்று ரேக் வரிசையில் காத்திருந்தன. மெஷினின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு குமிழ் உண்டு. அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். நாலு வருஷத்தில் அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்திருக்கிறாரே தவிர, அழுத்தியதில்லை. அதை அழுத்தினால் மேடம் வருவார். வந்தால் மெஷினைத் திறப்பார்கள். திறந்தால் சல்லடை. சல்லடையில் ரொட்டிப் பாக்கெட் கம்பி. அஞ்சு பேருக்கு வாந்தி. இந்த வரிசை அவர் தலைக்குள் ராட்டினம்போலச் சுற்றியது. அதன் நடுவில், போனை எடுக்க முடியாமல் துழாவிய ஒரு கையும் சுற்றியது.

அழுத்தினார். மெஷின் ஒரு முனகலோடு அடங்கியது. கிச்சன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பத்து நிமிஷத்தில் மேடம் வந்துவிட்டார். செருப்புச் சத்தம் படியிலேயே கேட்டது.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான் மேடம்."

"நீங்களா?" கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம் இருந்தது. "ஐந்தரைக்கு டிரே போகணும். என்ன விளையாட்டு இது?"

பயில்வான் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒன்றில் தெர்மாமீட்டர், மற்றதில் கம்பி கட்டிய சல்லடை.

"கடைசி அலசல் ஐம்பத்தேழுதான் வருது மேடம். மூணு தடவை பாத்தேன். டிஸ்பிளே தப்பா காட்டுது. இது… இது நான் உடைச்சது. ஒம்பது நாளாச்சு. சொல்லலை. பயந்துட்டேன். காத்தாடி அடைச்சதும் இதனாலதான். சூடு ஏன் குறைஞ்சதுன்னு எனக்குத் தெரியலை. மூணாம் மாடியில அஞ்சு பேருக்கு உடம்பு சரியில்லை. என்னை என்ன வேணா பண்ணுங்க. இந்தத் தட்டு மேல போக வேண்டாம்."

அத்தனை நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மேடம் அவரைத் திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தெர்மாமீட்டரை வாங்கி, தானே ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். எண்ணைப் படித்ததும் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. சுவரில் தொங்கிய வெப்பநிலைத் தாளில் ஒவ்வொரு நாளும் '82' என்று எழுதி, கீழே மேடத்தின் கையெழுத்து இருந்தது. மேடத்துக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் பயில்வான் கண்ணால் பார்த்தார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கிலியாக இருந்தது.

அன்றைக்கு மூன்றாம் மாடிக்குக் காகிதத் தட்டில் சாப்பாடு போனது. தொற்றுநோய்ப் பிரிவு டாக்டரம்மா ஆள் அனுப்பி, தட்டு, டம்ளர், மெஷின் உள்பக்கம் என்று பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்துவரச் சொன்னார். மறுநாள் காலை கம்பெனி இன்ஜினியர் மெஷினைப் பிரித்தார். சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, இருபத்தைந்து டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஹீட்டர் பாதியிலேயே நின்றுவிட்டிருக்கிறது. சல்லடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று மேடம் கேட்டார். இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு வாரமா இருக்கலாம். கூடவும் இருக்கலாம்."

அன்று மதியம் மச்சானை ஐ.சி.யூவுக்கு மாற்றினார்கள்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வராண்டா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா…" என்றாள். எழுந்து பெஞ்சின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த நாலடி இடைவெளியோடு மூன்று நாள் போனது. வீட்டில் சோறு இருந்தது, யாரும் தொடவில்லை. யார் போன் அடித்தாலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நாலாம் நாள் டாக்டரம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

"ரிசல்ட் வந்துடுச்சு. இது ஒரு வயித்துக் கிருமி. முதல்ல வந்தது நாலாம் அறை வாத்தியாருக்கு. அவரைப் பாக்க வந்த ஒருத்தருக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லாம இருந்திருக்கு, மறைச்சுட்டு உள்ள போயிருக்கார். அங்கிருந்து பரவினது. தட்டுலேர்ந்து எடுத்த எதுலயும் இந்தக் கிருமி இல்லை."

பயில்வான் நாற்காலி பக்கத்தில் இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார்.

"அப்ப என்னால இல்லையா டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லத் தெரியாத ஜாதி. "ஆரம்பிச்சது உங்களால இல்லை. ஒரு அறையிலேர்ந்து இன்னொரு அறைக்குப் போக அந்தத் தட்டுங்க உதவியிருக்குமான்னு கேட்டா, இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நாங்க எடுத்தது அந்த ஒரு நாளோட தட்டை மட்டும்தானே."

மச்சான் ஆறாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டார். மற்ற மூன்று பேரும் தேறினார்கள். நாலாம் அறை வாத்தியார் தேறவில்லை. அவருடைய பழைய நோயே முற்றியிருந்தது, இந்த வாந்தி வராவிட்டாலும் மாதக் கணக்குதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பயில்வான் அதைக் கேட்டுக்கொண்டார். வாத்தியாரை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாலாம் எண் ஒட்டிய டிரே மட்டும் தெரியும். முட்டையின் மஞ்சளை ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவார்.

வாத்தியாரின் மகன் சாமான்களை எடுத்துப் போக வந்த அன்று, பயில்வான் ஷிப்ட் முடிந்து வாசலில் நின்றிருந்தார். இரண்டு பைகளோடும் ஒரு வாக்கரோடும் அவன் தடுமாறுவதைப் பார்த்து, போய் ஒரு பையை வாங்கிக்கொண்டார். கார் வரை நடந்தார்கள்.

"நீங்க எந்த வார்டுண்ணா?"

"கிச்சன் தம்பி. தட்டு கழுவுறவன்."

அவன் நின்றான். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தார்கள் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. பயில்வான் பையை மறுகைக்கு மாற்றினார். பேசாமல் திரும்பிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"சூடு குறைஞ்சதை நான் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும். கை வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கலை. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

அடிப்பானோ என்று பயில்வானுக்குத் தோன்றியது, அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அவன் அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தான். வண்டியைக் கிளப்புமுன், "நான்தான் அன்னைக்கு மாமாவை உள்ள விட்டேன். அவருக்கு வயிறு சரியில்லைன்னு எனக்கும் தெரியும்" என்றான். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

விசாரணை நடந்தது. சல்லடையை மறைத்ததற்குப் பயில்வானுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், மேடத்துக்கும் ஒன்று. மெயின்டனன்ஸ்காரரை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். மச்சான் வீடு திரும்ப இன்னும் ஒரு மாதம் ஆனது. எல்லாம் தெரிந்த பிறகு அவர் சொன்னது ஒன்றுதான்: "ஏன் மாப்ள, அந்தச் சிவப்புக் குமிழை நீயா அழுத்தினே? சத்தியமா நீயா?" பிறகு சிரிக்க முயன்று இருமினார். மனைவி இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் ஒன்றும் கணவனிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.